மிளகுக் குச்சியின் பளபளப்பு

வெள்ளைத் துணியில் குறை தேடுவது என் வேலை. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். மேசைக்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட். அந்த வெளிச்சத்தின் மேல் காஜ் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், எண்ணெய்ப் பொட்டு, ஒட்டிக்கொண்ட தலைமுடி எல்லாவற்றையும் பார்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. பத்தொன்பது வருடமாக நான் ஒரே இடத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

எனக்குப் பேச வராது. திக்குவாய் எல்லாம் இல்லை. நினைத்ததை அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குள் அந்தப் பேச்சு முடிந்து வேறு பேச்சு தொடங்கியிருக்கும். கடையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவதாகப் போய் நிற்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகு, கடைக்காரரே "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டால்தான் வாய் திறப்பேன்.

போன புரட்டாசியில் ஒரு காலை நேரம் எங்கள் ஊர் பேக்கரியில் கழிந்தது. அதை யாரிடமாவது முழுவதும் சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் பால்கோவா வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் சாயங்காலம் டீக்குக் கடித்துக்கொள்ள உப்பும் காரமும்தான் தேடுவோம். காலையில் நான் வேலைக்குப் பஸ் ஏற நடக்கிற வழியில் அந்தக் கடை இருக்கிறது. முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குப் பின்னால் மாவு பிசைகிற மேசை, அதற்கும் பின்னால் செங்கல்லில் கட்டிய பெரிய விறகு அடுப்பு. அந்த அடுப்பைப் போர்மா என்று சொல்வார்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

ஓம பிஸ்கட், வெங்காய பன், கார ரஸ்க் என்று பலதும் அவர் போடுவார். எனக்குப் பிடித்தது மிளகுக் குச்சி. விரல் நீளம், பென்சில் கனம். பார்த்தால் அழகாக இருக்காது. வறண்ட தவிட்டு நிறத்தில், அங்கங்கே மிளகும் சீரகமும் தெரிய, மங்கலாக இருக்கும். கடித்தால் சுள்ளி ஒடிகிற சத்தம் வரும். வாயில் முதலில் வெண்ணெய்தான் தெரியும். மென்று விழுங்கி, பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு தொண்டையில் மிளகு வந்து சேரும். எண்ணெயில் பொரித்த எந்தக் காரத்திலும் அந்தத் தாமதம் கிடையாது.

அவர் வேலை செய்வதை நின்று பார்ப்பதற்காகவே நான் கடைசி ஆளாக நிற்கிறேனோ என்று சில நாள் தோன்றும். மாவை உருட்டி மெத்தென்று ஒரு தட்டு தட்டுவார். பிறகு காதில் எதையோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து நிற்பார். போதவில்லை என்றால் மறுபடி பிசைவார். அடுப்புச் சூடு பார்க்க ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே தூவுவார். அது நிறம் மாறுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, தட்டுகளைத் தள்ளுவார், அல்லது கதவை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவார். ஒரு நாளும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. கருகிய குச்சி ஒன்று தட்டில் இருந்தாலும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார். விற்பனைக்கு வைக்கமாட்டார். குறை பார்க்கிற வேலையில் இருப்பதால் அது என் கண்ணில் பட்டது. நாங்கள் கழித்துப் போடுகிற துணியை இவர் தின்றுவிடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு வருடம் "அரைக்கிலோ" என்ற ஒரு சொல்லைத் தவிர அவரிடம் நான் எதுவும் பேசியதில்லை. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. என்னைக் கண்டதும் அரைக்கிலோ பொட்டலம் கட்டிக் கண்ணாடி மேல் வைத்துவிடுவார்.

புரட்டாசி மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருமாள் ஊர் என்பதால் அந்த மாதம் பாதி ஊர் கறி, மீன், முட்டை தொடாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அண்ணாச்சி கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போவார். அவர் வீட்டில் யாருக்கும் புரட்டாசி விரதம் கிடையாது. ஆனாலும் அந்த மாதம் முழுவதும் கடைக்குள் முட்டை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். காலையில் கார வகைகளை எல்லாம் போட்டு முடித்து, மேசையைக் கழுவி, தட்டுகளை மாற்றிய பிறகு கேக்கும் முட்டை பப்ஸும் செய்வார். இதை அவர் எங்கும் எழுதிப் போடவில்லை. தினமும் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். பொரி, பொட்டுக்கடலை, ஒரு இனிப்பு, ஒரு காரம். காரம் என்றால் எப்போதும் மிக்சர்தான். போன வருடம் எங்கள் சூப்பர்வைசர் மேடம் என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு மிளகுக் குச்சியை எடுத்துக் கடித்தார். இன்னொன்றும் எடுத்தார். இந்தத் தடவை எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், இதையே போடலாம் என்று சொல்லி, ஆர்டர் கொடுக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார். பூஜையில் வைக்கிற பண்டம், அதில் வெங்காயம் பூண்டு எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

மடிப்புப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புரட்டாசி சனிக்கிழமை எல்லாம் ஒரு வேளைதான் சாப்பிடுவார். எந்த மாதமும் பேக்கரிப் பண்டம் எதையும் தொடமாட்டார். அவர் விடவில்லை.

"ஏட்டி, பேக்கரிப் பண்டத்துல முட்டை ஊத்தாம எப்படி வரும்? நீ போயி நின்னு பாத்தியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதில் முட்டை கிடையாது, நான் தினமும் பார்க்கிறேன் என்று சொன்னேன். அது ஒரு நீளமான வாக்கியம். பக்கத்து மேசைக்காரி, "இந்தா, பேசிட்டாளே" என்றாள். சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"நீ சொல்லுத. உன் வாயிலருந்து வாரதே அபூர்வம். அதனால நம்புதேன். சாமி முன்னால வைக்கப் போறது, ஞாபகம் வச்சிக்கோ" என்றார்.

இப்படியாக, தொண்ணூறு பேருக்கான பொட்டலத்துக்கு நான் வாக்குக் கொடுத்தவள் ஆனேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் யாருக்கும் எதற்கும் பொறுப்பு ஏற்றுப் பேசியது கிடையாது.

அண்ணாச்சியிடம் ஆர்டர் சொல்லப் போனபோது கூட்டம் கலைகிறவரை நின்றேன். எதற்காக, எத்தனை, யார் யார் என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். அந்த அக்காவைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். தன் மனைவி மகளின் பிரசவத்துக்கு மதுரை போயிருப்பதாகவும், ஒத்தாசைக்குத் தம்பி மனைவியைக் கான்சாபுரத்திலிருந்து வரச் சொல்லியிருப்பதாகவும், புதன்கிழமை ஏழு மணிக்கு டின்கள் தயாராக இருக்கும் என்றும் சொன்னார்.

அன்று பத்தரை மணிக்குப் பூஜை. பன்னிரண்டுக்கு ராகுகாலம் என்பதால் அதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று மேடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் குளித்துவிட்டு ஏழு மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். நாலு பெரிய டின்கள் வரிசையாக இருந்தன. அண்ணாச்சி நாலாவது டின்னுக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தார். நான் முதல் டின்னின் மூடியைத் திறந்து பார்த்தேன். சும்மா, ஆசைக்குத்தான்.

குச்சிகள் மினுங்கின.

எங்கள் மேசையில் ஒரு மீட்டர் துணி நல்ல துணியாக ஓடி, அடுத்த மீட்டரில் ஒரு பொட்டு வந்தால் கை தானாக நின்றுவிடும். அப்படித்தான் நின்றது. தவிட்டு நிறம் இல்லை. சந்தன நிறத்தில், மேலே மெழுகு தேய்த்த மாதிரி ஒரு பளபளப்பு. யார் பார்த்தாலும் முன்னைவிட அழகு என்றுதான் சொல்வார்கள். பப்ஸின் மேலும் பன்னின் மேலும் அந்தப் பளபளப்பைப் பார்த்திருக்கிறேன். முட்டை பூசினால்தான் அது வரும். பாலைப் பூசினாலும் கொஞ்சம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். பாலாக இருக்கட்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

கேட்பதா வேண்டாமா என்று எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகும். இத்தனை வருடம் கேட்காமலே பொட்டலம் கட்டித் தந்தவர். கேட்காமல் கொண்டு போனால், அந்த அக்காவின் வாயில் நான் என்ன வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, எண்ணிப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பிறகு, "அண்ணாச்சி, இது மினுங்குது" என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் ஒரு குச்சியை எடுத்து பல்புக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உள்ளே பார்த்து, "ஏம்மா, செத்த இங்க வா" என்று கூப்பிட்டார்.

தம்பி மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முப்பது வயதுப் பெண். நல்ல வார்த்தை ஏதோ சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வந்தது முகத்திலேயே தெரிந்தது. என்ன பூசினாய் என்று அவர் கேட்கவும், அந்தப் பெண் சந்தோஷமாகவே சொன்னார்.

"மஞ்சக்கரு அத்தான். சாமிக்குப் படைக்கப் போறதுன்னு சொன்னீயள்லா. சும்மா வறவறன்னு கிடந்துச்சு, அப்படியே குடுத்தா நல்லாவா இருக்கும்? கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுல பூசுத மாதிரி பூசிவிட்டேன். ஊர்லருந்து உங்களுக்குன்னு கொண்டாந்த நாட்டுக்கோழி முட்டை அம்புட்டையும் இதுக்கே உடைச்சிட்டேன்."

கடையில் முட்டை இல்லாத நேரம் அது. அவர் போட்ட ஒழுங்கு எதுவும் தவறவில்லை. முட்டை அந்தப் பெண்ணோடு சீதனம் மாதிரி ஒரு கூடையில் உமிக்குள் ஒளிந்து பஸ்ஸில் வந்திருக்கிறது. விடிவதற்கு முன் அண்ணாச்சி அடுப்புக்குள் தலையை விட்டு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, இந்தப் பெண் தட்டுத் தட்டாகப் பூசியிருக்கிறார். அந்த வீட்டில் நல்ல நாள் பண்டம் என்றால் மஞ்சள் கரு பூச வேண்டும். அடுத்தவர் சாமிக்குப் போவதையும் தன் வீட்டு நல்ல நாள் பண்டமாக நினைத்திருக்கிறார். இன்றும் அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன்னிடம் இருந்ததில் மேலானதை எடுத்துப் பூசியவர்.

அண்ணாச்சி மெதுவாக விளக்கினார். பூஜைப் பண்டத்தில் முட்டை ஆகாது, அதுவும் புரட்டாசி என்று. அந்தப் பெண்ணின் கை முந்தானையைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. கண் நிறைந்தது.

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுதவே கூசுகிறது. "யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. எண்ணெய் பூசினதுன்னு சொல்லிக்கிடலாம்" என்றேன். பத்தொன்பது வருடமாகக் குறையைக் கண்டுபிடித்துக் கழிக்கிறவள், கண்டுபிடித்த குறையை அன்றைக்கு மூடப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அழுகையைப் பார்த்ததாலா, கம்பெனியில் போய் நின்று பதில் சொல்லப் பயந்ததாலா என்று கேட்டால், பயம்தான்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டே பேசினார்.

"விரதம் இருக்கவியளுக்குத் தன் வாய் காட்டிக்குடுத்துரும்மா. ஒரு வாடை வந்தாலே கண்டுபிடிச்சிருவாவ. எனக்கு விரதம் கிடையாது, எனக்குக் காட்டிக்குடுக்காது. அப்போ நான்தான ரெண்டு மடங்கு பாக்கணும்? நான் இன்னைக்குப் பாக்கல. இது போகாது."

பிறகு தம்பி மனைவியிடம் திரும்பி, "பூசினது நல்லாத்தான் பூசியிருக்க. ஒரு இடத்துல திட்டு இல்ல. சாயந்திரம் கடைக்கு ஆகும். இப்போ அழாம மைதாவைச் சலி" என்றார்.

மணி ஏழே கால். காலை ரொட்டி போட்டு முடித்ததால் அடுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்றார். கருவை விறகைப் பிளந்து சின்னச் சின்னதாகப் போட்டார். மேசையை, உருளைக்கட்டையை, தட்டுகளை எல்லாம் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவச் சொன்னார். பூசின பிரஷை எரிகிற அடுப்பிலேயே போட்டுவிட்டார். வழக்கமான கனத்தில் போட்டால் வேக நேரம் போதாது, பாதிக் கனத்தில் போடுவோம் என்று முடிவு செய்தார். அப்போதுதான் என்னைப் பார்த்து, கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும் அல்லவா, போன் இருக்கிறதா என்று கேட்டார்.

போன் பேசுவதென்றால் எனக்கு நேரில் பேசுவதைவிடப் பயம். வாசலுக்கு வந்து நின்று மேடத்துக்குப் போட்டேன். பிஸ்கட் வரத் தாமதமாகும் என்றேன்.

"ஏன், பஸ் கிடைக்கலையா?" என்றார்.

பொய்யை அவரே எடுத்து என் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். உள்ளே உருளைக்கட்டை ஓடுகிற சத்தம் கேட்டது.

"இல்ல மேடம். முட்டை பட்டிருச்சு. தெரியாம நடந்துபோச்சு. அதை ஒதுக்கி வச்சிட்டு, வேற போடுதாவ. நான் கூடவே நிக்கிறேன்."

"யாரு பாத்தா?" என்றார்.

"நான்தான் கேட்டேன் மேடம்."

"நீயா கேட்ட?" என்றார். முட்டையைவிட அதுதான் அவருக்குப் பெரிய செய்தியாக இருந்தது என்று நினைக்கிறேன். பதினொன்றரைக்குள் வந்தால் ராகுகாலத்துக்கு முன் முடித்துவிடலாம், அதுவரை மெஷினுக்குப் பொட்டு வைக்கிற வேலையை நிதானமாகச் செய்யச் சொல்கிறேன் என்றார். எல்லாருக்கும் காரணத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

திரும்பி உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு மேசையில் நின்றேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். அவர் மாவை அகலமாகத் தேய்த்துக் கொடுக்க, நான் கத்தியால் கோடு கோடாக வெட்டினேன். வருடக்கணக்காக ஒரே அகலத்தில் துணி பார்த்த கண், அளவு தானாக வந்தது. தம்பி மனைவி வெட்டியதைத் தட்டில் அடுக்கினார். மூன்று பேரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது பழகிய நிலைதான். ஒரு தடவை அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "உங்க வீட்டுல நல்ல நாளைக்குப் பண்டம் மேல என்னக்கா பூசுவீய?" என்று கேட்டார். நாங்கள் எதுவும் பூசுவதில்லை, பொரிப்பதோடு சரி என்றேன். "அப்போ பாக்க எப்படி இருக்கும்?" என்றார். கண்ணீர் காய்ந்த முகத்தில் உண்மையாகவே கவலை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

அண்ணாச்சி மைதாவைத் தூவிப் பார்த்தார். மாறவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தூவினார். மெதுவாக மாறியது. மணி எட்டரை தாண்டியிருந்தது. நானாக இருந்தால் அப்போதே தட்டுகளைத் தள்ளியிருப்பேன். அவர் தள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதிச் சூட்டில் வைத்தால் வெண்ணெய் உருகி வழியும், வேகாது என்றார். அவ்வளவு நெருக்கடியிலும் அவர் அடுப்பை முந்தவில்லை. இவரை நான் இத்தனை வருடம் பார்த்தது வீண் போகவில்லை என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

முதல் அடுக்கு ஒன்பதே காலுக்கு வெளியே வந்தது, இரண்டாவது பத்துக்குப் பக்கத்தில். மெல்லியதாக, லேசாக வளைந்து, ஓரங்கள் சிவந்து இருந்தன. பளபளப்பு இல்லை. எந்த மங்கலைப் பார்த்தும் அதற்கு முன் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சூட்டோடு டின்னில் போட்டால் வியர்த்து நமுத்துவிடும் என்று, கழுவிக் காய்ந்த துணியை விரித்து அதன் மேல் பரப்பி ஆற வைத்தார். ஆறியும் ஆறாமலும், கழுவிக் காயவைத்த டின்களில் தளர்வாகப் போட்டு, மூடியை மூடாமல் ஆட்டோவில் ஏற்றினோம். மூடிகளை மடியில் வைத்துக்கொண்டு, டின்களின் மேல் துணியைப் பிடித்தபடி நான் பின்னால் உட்கார்ந்தேன். இராஜபாளையம் வரைக்கும் ஆட்டோவுக்குள் மிளகு வாசம். ஆட்டோக்காரர் ஒரு குச்சி கேட்டார். பூஜை முடியட்டும் என்றேன்.

பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சுருட்டுகிற மெஷின், வெட்டுகிற மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. என் லைட் மேசைக்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. ஒருத்தி மெதுவாக, முதலில் போட்டதில் முட்டை இருந்தது என்றால் இரண்டாவதில் இல்லை என்று யார் சொல்வது என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

மடிப்புப் பிரிவு அக்கா பூஜைத் தட்டு பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு டின்னைத் தன் பக்கம் இழுத்து, துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல பூசினதை யாரும் சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"பேக்கரிக்காரரு என்ன சொன்னாரு?"

நான் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். விரதம் இருப்பவர்களுக்குத் தங்கள் வாய் காட்டிக்கொடுத்துவிடும், தனக்குக் காட்டிக்கொடுக்காது, அதனால் தான்தான் இரண்டு மடங்கு பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதையும், பிரஷை அடுப்பில் போட்டதையும், மேசையைக் கழுவியதையும், நானே வெட்டியதையும் சொன்னேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. பக்கத்து மேசைக்காரி கூடக் கேலி செய்யவில்லை. எண்ணெய் பூசியது என்று சொல்லிவிடலாம் என்று நான் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதல் தடவை சொல்கிறேன்.

அக்கா இரண்டு கை நிறைய குச்சிகளை அள்ளி வாழையிலையில், பொரிக்கும் கடலைக்கும் நடுவில் வைத்தார். மேடம் சூடம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தபோது மணி பதினொன்று ஐம்பது.

பொட்டலம் பிரித்து எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் அக்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொரியை முதலில் சாப்பிட்டார். பிறகு ஒரு குச்சியை ஒடித்து, பாதியை வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கி மென்றார். மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடம் ஒன்று சொன்னார்.

சாயங்காலம் காலி டின்களைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் காலையில் ஒதுக்கிய குச்சிகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. முன்னால் ஒரு அட்டையில், பெரிய எழுத்தில் "முட்டை பூசியது" என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுத்து அந்தப் பெண்ணுடையது என்று நினைக்கிறேன், சுற்றிலும் பூ வரைந்திருந்தது. நாலைந்து பேர் நின்றார்கள். நான் அவர்கள் போகக் காத்திருக்கவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், எல்லாருக்கும் பிடித்ததா, போதுமான அளவு இருந்ததா என்றெல்லாம் கேட்கவில்லை.

"அந்த அக்கா சாப்பிட்டாவளா?" என்றுதான் கேட்டார்.

"சாப்பிட்டாவ. ஒண்ணு முழுசா. ஆனா உப்புக் குறைச்சல்னு சொன்னாவ. அடுத்த மாசம் வாங்கிட்டு வாரப்போ உப்பு சரியாப் போடச் சொல்லணுமாம்."

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு டின்னைச் சாய்த்து, அடியில் கிடந்த ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்காவ" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ஓம பிஸ்கட் நிறுக்கப் போனார்.